இவரும் அவரும் ஒருவர்தானா?

எங்கள் கட்டிடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சிசிடிவி. என் காதுபட யாரும் சொன்னதில்லைதான். ஆனால் எனக்குத் தெரியாமல் இந்தக் கட்டிடத்தில் ஒரு பட்டப்பெயர் நடமாட முடியுமா என்ன? தரைத்தளத்தில் மாடிப்படியை ஒட்டி என் வாசல். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். இதில் என் குற்றம் எங்கே வந்தது? கட்டினவன் அப்படிக் கட்டித் தொலைத்திருக்கிறான்.

எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டு மாப்பிள்ளை வேலை போன பிறகும் காலையில் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்புகிறார், எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட எனக்கே தண்ணி காட்டிய ஒரே மனிதர், படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் விக் மாஸ்டர்.

டோப்பா என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "டோப்பா நாடகத்துக்கு வெக்கிறது. நான் பண்றது தலைமுடி" என்பார். முன்னறைதான் பட்டறை. ஒரு சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, கழுத்தை வளைத்து எட்டிப்பார்க்கும் மேஜை விளக்கு. மெல்லிய வலையில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, காலை முதல் மாலை வரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். அவர் செய்த விக்கை மாட்டிக்கொண்டு நீங்கள் என் எதிரில் நின்று தலையைச் சொறிந்தாலும் எனக்குத் தெரியாது. அதுதான் பிரச்சினையே.

யார் யார் அவரிடம் வருகிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எனக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு. வருகிறவர்கள் முன்வாசல் வழியாக வருவதில்லை. பின்பக்கச் சந்தில் ஒரு கதவு வைத்திருந்தார். ஒருவர் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் அடுத்தவர் வரவேண்டும், இருவரும் எதிர்ப்பட்டுக்கொள்ளக் கூடாது. தெருவில் பார்த்தால் அவராக முதலில் பேசமாட்டார். பேசினாலும் எதிராளியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவார்; கண் தப்பித்தவறி நெற்றிக்கு மேலே போய்விட்டால் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். சரி, யார் பொத்தானைப் பார்க்கிறார் என்று கணக்கெடுத்தால் போயிற்று என்று நினைத்தேன். பாவி மனுஷர் எல்லோர் பொத்தானையும் பார்த்தார். முட்டை போல வழுக்கையோடு திரியும் என் வீட்டுக்காரரின் பொத்தானையும் சேர்த்து.

பட்டறைச் சுவர் முழுக்கத் தலைகள் இருந்தன. வருகிறவர்களின் தலையில், மூக்குக்கு மட்டும் வழி விட்டு முகத்தோடு சேர்த்து, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டி அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றிச் செய்த வெள்ளைத் தலைகள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நெற்றி, கன்னம், காது எல்லாம் அச்சு அசலாக இருப்பதால் அத்தனையும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளைகள் மாதிரி. சர்க்கரை கேட்கிற சாக்கில் போனபோதெல்லாம் நான் பார்த்தது பின்மண்டைகளைத்தான்.

"ஒரே ஒரு தலையைத் திருப்பிக் காட்டுங்களேன் மாஸ்டர்."

"சர்க்கரை போதுமாக்கா?"

இதுதான் அவர் பதில். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் உள்ளூர ஒரு மரியாதையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன் முடியில்லாத தலையை ஒருவர் அடுத்தவரிடம் காட்டுவது லேசான காரியமா? அவரிடம் காட்டினார்கள் என்றால் திறக்காத அந்த வாய்க்காகத்தான். கைக்காக அல்ல.

தலைகள் பெருகிப் பெருகி வீட்டில் புழங்க இடமில்லாமல் போனது. அவர் மனைவி நச்சரிக்க ஆரம்பித்தாள். "பீரோவத் தொறந்தா தலை, கட்டிலுக்கு அடியில தலை. ராத்திரி எழுந்து தண்ணி குடிக்கக்கூட பயமா இருக்கு." அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தம்பி ஊரிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குகிற ரகம். "என்ன மாமா, எந்தக் காலத்துல இருக்கீங்க? எட்டுப் பக்கமும் ஃபோட்டோ எடுங்க, அளவை எழுதுங்க, க்ளவுட்ல போடுங்க. உங்க வீடே எரிஞ்சு போனாலும் அது அங்க பத்திரமா இருக்கும்" என்றான்.

வீடு எரிந்தால் விக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

மாஸ்டர் ஒவ்வொரு தலையாக எடுத்துச் சுத்தியலால் முகத்தை முதலில் உடைத்தார். ஒரு முகமும் முழுசாகக் குப்பைக்குப் போகக் கூடாதாம். அப்படி ஜாக்கிரதையான மனிதர். உடைத்து முடித்து, தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு என் வாசலில் வந்து உட்கார்ந்தார். "எல்லாத்தையும் மேல ஏத்திட்டேன்க்கா. இனி நீங்க எத்தனை சர்க்கரை கேட்டாலும் பிரயோஜனம் இல்ல."

"மேலன்னா? மொட்டை மாடியிலயா?"

"அதுக்கும் மேல."

"யாரு காவல் காக்குறாங்க?"

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்கா. அவங்களுக்கு உலகம் பூரா ஆளு. என் தலையப் பாக்கவா அவங்களுக்கு நேரம்?"

அந்தப் பதில் எனக்கும் சரியாகத்தான் பட்டது. அடுத்தவர் விஷயத்தைப் பார்க்க நேரமிருப்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் என்று நானும் நம்பியிருந்தேன்.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலை, காப்பித் தம்ளரோடு வாசலில் நின்றபோது மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மகனுக்குப் பெரிய வேலை கிடைத்த அப்பா மாதிரி. ஃபோனைத் தூக்கிக் காட்டினார். படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டுதான். கட்டைவிரல் இல்லாத இடத்தில் ஒரு கேள்வி: இவரும் அவரும் ஒருவர்தானா?

"பாருங்கக்கா. ஒரு பக்கம் விக் இல்லாம எடுத்த படம், இன்னொரு பக்கம் விக் மாட்டி எடுத்த படம். ரெண்டும் ஒரே ஆளு. மெஷினுக்கே தெரியல. என்கிட்ட கேக்குது!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுதான் அழுத்துறேன். வேற என்ன சொல்றது? தினமும் ரெண்டு மூணு கேக்குது. ஒவ்வொண்ணுக்கும் ஆமா, ஆமா, ஆமா." ஃபோனைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல என் வேலைய யாருமே பாராட்டினதில்லக்கா. எப்படிப் பாராட்டுவாங்க? வெளிய சொல்ல முடியாதே. இதுதான் முதல்ல பாராட்டியிருக்கு."

சொல்லப்போனால் எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு மனிதருக்குச் சந்தோஷம் கிடைத்தால் சரி என்று காப்பியைக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு எங்கள் கட்டிடத்தின் ஆண்டு விழா வந்தது. விழா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி நிறுத்தும் இடத்தைக் கழுவி, நாற்காலி போட்டு, எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம், இசை நாற்காலி. அதற்கு முன்னும் பின்னும் செகரட்டரியின் உரை. மூன்றாம் மாடி செகரட்டரி, வேலையில் இருந்தபோது ஏதோ இலாகாவில் யாருக்கோ மேலதிகாரி. இப்போது எங்கள் எல்லோருக்கும். அவருடைய அலையலையான கறுத்த முடியைப் பற்றி என் வீட்டுக்காரருக்கே பொறாமை உண்டு.

விழா முடிந்ததும் செகரட்டரி எல்லா வீட்டுக்கும் ஒரு லிங்க் அனுப்பினார். பொது ஆல்பமாம், அவரவர் எடுத்த படங்களை அதில் போட வேண்டுமாம், போடாதவர்கள் ஒத்துழைக்காதவர்களாம். மாஸ்டர் அன்று நிறையப் படம் எடுத்திருந்தார். தலைகளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடச் சோம்பல்பட்டு மச்சானுக்கு ஃபோன் போட்டார். அவன் ஏதோ மீட்டிங்கில் இருந்துகொண்டே, "ஆட்டோமேட்டிக்னு ஒண்ணு இருக்கும் மாமா, யார் யார் படம் வேணுமோ அந்த முகத்தை டிக் பண்ணுங்க, அதுவே எல்லாத்தையும் தேடிப் போட்டுரும்" என்றான்.

மாஸ்டர் யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று எங்கள் எல்லோருடைய முகத்தையும் டிக் செய்தார். அதுவே எல்லாத்தையும் தேடிப் போட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு, யார் பக்கத்தில் யார் நின்றார்கள், யார் யாரைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள் என்று ஆய்வு செய்வதற்காக ஆல்பத்தைத் திறந்தேன். எலுமிச்சை ஓட்டத்தில் நான் வாயில் ஸ்பூனோடு குரங்கு மாதிரி இருந்தேன். அடுத்த படம், ஒரு மொட்டைத் தலைப் பெண். யாரோ வெளியாள் விழாவுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் பின்னால் தெரிந்தது மாஸ்டர் வீட்டுச் சுழல் நாற்காலி. புருவமும் அரைகுறை. காதில் ஒற்றைக் கல் தோடு. அந்தத் தோட்டை நான் தினமும் பார்க்கிறேன்.

இரண்டாம் மாடி டீச்சர்.

அடுத்தடுத்து எட்டுப் பக்கமும் இருந்தது. முன், பின், பக்கவாட்டு, மேலிருந்து. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு துண்டு. அப்போதுதான் எனக்கு அந்தக் காய்கறிப் பை நினைவுக்கு வந்தது. மாதத்தில் ஒரு நாள் டீச்சர் பையை மடித்து எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் போவார். திரும்பும்போது பை அதே மடிப்போடு வரும். என்னிடம் தீராமல் கிடந்த விஷயங்களில் அதுவும் ஒன்று. டீச்சருக்கு வீட்டுக்காரரோடு ஏதோ மனஸ்தாபம், மனசு சரியில்லாமல் ஊர் சுற்றுகிறார் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, அதை ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

டீச்சருக்குக் கீழே செகரட்டரி. அலையலையெல்லாம் போய், எங்கள் வீட்டுக்காரரைவிட வழவழப்பாக. இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். யாரென்று சொல்லமாட்டேன். வியக்க வேண்டாம், எனக்கும் வயதாகிறது.

இத்தனை வருஷமாகத் தவம் கிடந்த விஷயம் கைக்கு வந்துவிட்டது. நியாயமாக எனக்குத் தலைகால் புரியாமல் இருந்திருக்க வேண்டும். என்னவோ, யாரோ குளிக்கும்போது கதவு தானாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. ஃபோனைத் திருப்பி வைத்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்ல. உங்க தலைதான் இந்தக் கட்டிடத்துலயே யோக்கியமான தலை" என்று சொல்லிவிட்டு எதிர்வாசலுக்கு ஓடினேன்.

மாஸ்டர் படத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார், தலைகள் இருந்த இடத்தை. நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர் பள்ளிக்கூடத்துப் பசங்க இந்தக் கட்டிடத்துலயே இருக்காங்கக்கா. நாலு வீட்டுல இருக்காங்க. அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, பசங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. எனக்கு முடி கொட்டினது வலிக்கல மாஸ்டர், பசங்க முன்னாடி திரும்பி போர்டுல எழுதணுமே, அதுதான் பயம்னாங்க."

"இப்ப அழுது என்ன ஆகப்போகுது? அழிங்க முதல்ல."

அழித்தார். பசை காய்ந்த விரல்களை ஃபோன் கண்ணாடி மதிக்கவே இல்லை. இரண்டு மூன்று தடவை தட்டினால்தான் ஒரு தடவை கேட்டது. அந்த விரல் ரேகை வேலை செய்யாததால்தான் ஃபோனுக்குப் பூட்டே போடாமல் வைத்திருந்தார். அவர் ஃபோனில் படம் போய்விட்டது. என் ஃபோனில், ஆல்பத்தில், அப்படியே இருந்தது. டீச்சர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

மச்சானுக்குப் போட்டால் எடுக்கவில்லை. கம்பெனியின் உதவி மையம் என்று ஒன்று இருந்தது. மாஸ்டர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்: தெரியாமல் படம் போய்விட்டது, உடனே எடுக்கவும். "உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது" என்று பதில் வந்தது. நம்பிக்கையோடு மறுபடி எழுதினார். "உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது" என்று மறுபடியும் வந்தது. கீழே ஐந்து நட்சத்திரம் காட்டி, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டது. கத்திச் சண்டை போடலாமென்றால் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே. எனக்கே அலுத்துப்போனது. நான் லேசில் அலுக்கிற ஆள் இல்லை.

"ஆல்பம் செகரட்டரி ஆரம்பிச்சது. அவர்தான் எடுக்க முடியும் போல. வாங்க" என்று மாஸ்டரைக் கிளப்பினேன்.

செகரட்டரி மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அலைகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. மாஸ்டரின் கண் சட்டென்று அவர் சட்டைப் பொத்தானுக்குப் போனது, பழக்கதோஷம்.

"அந்த ஆல்பத்தை உடனே எடுத்துடுங்க சார்" என்றேன்.

"அப்படியெல்லாம் நினைச்ச நேரத்துல எடுக்க முடியாதும்மா. பொதுச் சொத்து. எழுத்துல குடுங்க, அடுத்த கமிட்டில வெக்கிறேன்."

"சார், அதுல சில படம்..." மாஸ்டர் வாய் குழறியது.

"படத்துல நல்லா விழலன்னா அதுக்கு ஆல்பம் என்ன பண்ணும்? அவங்கவங்க மூஞ்சி அவங்கவங்களுக்கு."

என் ஃபோனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் கை தானாகத் தலைக்குப் போனது. உள்ளே ஓடினார். கமிட்டியைக் கூட்டாமலேயே ஆல்பம் அழிந்தது. எங்கள் கட்டிடத்து வரலாற்றில் செகரட்டரி இவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டி வெடித்தபோதுகூட.

ஆனால் என்ன பயன்? பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்ததோடு நிற்காமல் எடுத்தும் வைத்துக்கொண்டார்கள். மாலையில் படிக்கட்டில் எல்லோரும் எல்லோரிடமும் அப்படி ஒரு மரியாதையாக நடந்துகொண்டார்கள். அதிலேயே தெரிந்துவிட்டது. டீச்சர் பால் வாங்க இறங்கினபோது மூன்று பேர் "உடம்பு நல்லாருக்கா டீச்சர்?" என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. டீச்சர் நாலாவது ஆளாக என்னைப் பார்த்தார். நான் பால் பாக்கெட்டைப் பார்த்தேன்.

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?" என்றார்.

"இல்ல டீச்சர்."

"நீங்களே கேக்கலன்னா, அப்ப நிஜம்தான்" என்றார். திரும்பி மேலே ஏறினார். பால் வாங்கவில்லை.

அன்று மாஸ்டர் மேலே போய்க் கதவைத் தட்டினார். டீச்சரின் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "தூங்குறா" என்றார். மறுநாளும் தூங்கினார். அதற்கு மறுநாளும். மாஸ்டர் போவதை நிறுத்திக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது எனக்கு வேறு வழியில் தெரிந்தது, எப்படி என்று கேட்காதீர்கள். டீச்சர் திங்கட்கிழமை லீவு போடவில்லை. வகுப்புக்குப் போய், திரும்பி நின்று, போர்டில் தேதி எழுதியிருக்கிறார். பின்னால் ஒரு பிள்ளை, "ஃபேனை நிறுத்துடா, காத்துல பறந்துரப் போகுது" என்றதாம். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் திரும்பி, ஃபேனை இன்னும் வேகமாக வைக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாராம். இதைச் சொன்னவள் டீச்சரின் துணிச்சலை மெச்சிச் சொன்னாள். எனக்கோ, அவர் வீடு திரும்பி மாடிப்படி ஏறினது மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார்.

சந்துப் பக்கத்துக் கதவு தட்டப்படுவது நின்றது. கட்டிடத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள் காதுக்கும் விஷயம் போயிருந்தது. மாஸ்டர் க்ளவுடில் இருந்த எல்லாப் படத்தையும் அழித்தார். கடைசியில் ஒரு வழியாக மச்சான் ஃபோனை எடுத்து, "அழிச்சது உடனே போயிடாது மாமா, எங்கயாவது கொஞ்ச நாள் கிடக்கும். அதுவா ஒரு நாள் போயிரும்" என்றான்.

"எங்க கிடக்கும்?"

"அது யாருக்கும் தெரியாது மாமா."

அவன் தோளைக் குலுக்குவது ஃபோனிலேயே கேட்டது.

மாஸ்டர் அரைகுறையாகக் கோத்த வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊசி நகராது. "கொஞ்சம் சர்க்கரை குடுங்க மாஸ்டர்" என்று போனால், டப்பாவை அப்படியே நீட்டுவார். ஒரு தடவை அவராகவே சொன்னார்: "நான் எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கக்கா. ஒரு தலைக்காவது பேர் எழுதல, ஒரு ஆள்கிட்டயாவது வாய் திறக்கல. ஆனா அது கேட்டப்ப எல்லாம் ஆமா ஆமான்னு சொல்லிட்டேனே. இது இவங்கதான்னு நானே உக்காந்து பாடம் நடத்தியிருக்கேன்."

"பாராட்டுன்னா யாருக்குத்தான் ஆசையில்ல" என்றேன். அது ஆறுதலா குத்தலா என்று எனக்கே விளங்கவில்லை.

நேற்று நண்பகலில் டீச்சர் இறங்கி வந்தார். தெருவைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போகவில்லை, கையில் காய்கறிப் பை இல்லை. நேராகப் படியிறங்கி, என் வாசலைத் தாண்டி, மாஸ்டரின் முன்கதவைத் தட்டினார். நான் சும்மா கதவோரம் நின்றிருந்தேன், வெங்காயம் உரித்துக்கொண்டு.

மாஸ்டர் கதவைத் திறந்தார். பொத்தானைப் பார்த்தார்.

"நிமிந்து பாருங்க" என்றார் டீச்சர். "வகிடு பக்கம் வலை தெரியுது. பழசாயிடுச்சு."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அவர் கண் தொழில்காரன் கண்ணாக மாறிவிட்டது. "ஆமா டீச்சர். ரெண்டு வரிசை போயிடுச்சு. ஒட்டுப்போட்டா நிக்காது. புதுசுதான்."

"சரி, பண்ணுங்க."

"டீச்சர்... என்கிட்டயா?"

"வேற யார்கிட்ட போறது? இன்னொருத்தர் முன்னாடி முதல்லேருந்து கழட்டி வெச்சுட்டு உக்கார எனக்குத் தெம்பு இல்ல மாஸ்டர். உங்க மேல கோபம் இல்லன்னு நினைக்காதீங்க. நிறைய இருக்கு. அதைக் காட்டவும் தெம்பு இல்ல."

மாஸ்டர் கண்ணைத் துடைத்தார். பசைக் கையால் துடைத்ததில் கண் இன்னும் சிவந்தது.

"ஃபோட்டோ கிடையாது" என்றார் டீச்சர். "பழையபடி அச்சு எடுங்க. மாவு ஊத்துங்க. வேலை முடிஞ்சதும் அந்தத் தலையை என்கிட்ட குடுத்துடணும். வேணுங்கிறப்ப நான் எடுத்துட்டு வரேன். என் தலை என் பீரோவுல இருக்கட்டும்."

"சரிங்க டீச்சர்."

"ஃபோனும் உள்ள இருக்கக் கூடாது. உங்களுது, என்னுது, ரெண்டும்." சொல்லிக்கொண்டே தன் ஃபோனை எடுத்து, திரும்பி, என்னிடம் நீட்டினார். வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன். மாஸ்டர் தயங்கினார்.

"இவங்க கையிலயா டீச்சர்?"

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் நியாயமான கேள்விதான்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்க போய்ச் சொன்னா நாலு பேருக்குத் தெரியும். எந்த நாலு பேருன்னும் எனக்குத் தெரியும். போய் அவங்க வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சண்டையாவது போடலாம். குடுங்க."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே நாற்காலி சுழலும் சத்தம், பிளாஸ்டிக் தாள் கிழியும் சத்தம், பிறகு டேப் ஒட்டும் சத்தம். நான் ஒரு கையில் டீச்சர் ஃபோன், ஒரு கையில் மாஸ்டர் ஃபோனோடு கடைசிப் படியில் உட்கார்ந்தேன். யார் இறங்கினாலும் ஏறினாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். செகரட்டரி இறங்கினார், இப்போதெல்லாம் தொப்பியோடு. மூடிய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

"யாருமில்ல" என்றேன்.

அவர் போன பிறகு மாஸ்டர் ஃபோன் கையில் லேசாக அதிர்ந்தது. பூட்டில்லாத ஃபோன், தொட்டதும் திறந்துகொண்டது. இரண்டு வட்டங்கள். ஒன்றில் ஆண்டு விழாவில் எலுமிச்சை ஸ்பூனோடு சிரிக்கிற டீச்சர். இன்னொன்றில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற டீச்சர். அழித்ததெல்லாம் எந்த மூலையில் ஒளிந்திருந்ததோ. கீழே அதே கேள்வி, அதே பணிவு: இவரும் அவரும் ஒருவர்தானா?

இந்த மாதிரி ஒரு கேள்வியை யாராவது என்னிடம் கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்கிய காலம் உண்டு. இல்லை என்று அழுத்தினேன்.

உடனே வேறொரு கோணத்தில் அதே இரண்டு பேர் வந்தார்கள். இல்லை. பக்கவாட்டில் வந்தார்கள். இல்லை. செகரட்டரி வந்தார். அவரும் இல்லை. எனக்குக் கட்டைவிரல் வலித்தது, முதுகு வலித்தது, உள்ளே அடுப்பில் வைத்தது தீய்கிற வாசனை வந்தது. அந்த மெஷினுக்கு ஒரு வலியும் இல்லை. இவரும் அவரும், இவரும் அவரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னடி கருகுது?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"அடுப்பை அணைங்க. நான் இங்க பொய் சொல்லிட்டிருக்கேன், வர முடியாது" என்று சொல்லிவிட்டு, அடுத்ததை அழுத்தினேன்.